பேரீச்சைத் தோப்புகளைக் காக்கும் வழிகள்

குஜராத் மாநிலத்தின் கட்ச் மாவட்டத்தில் ஜூன் மாத நடுவில் பேரீச்சை அறுவடை தொடங்குகிறது. முந்த்ரா, அஞ்சார், மாண்டவி, புஜ் ஆகிய வட்டங்களின் தோப்புகளிலிருந்து மஞ்சளும் சிவப்புமான குலைகள் சந்தைக்கு வந்து சேர்கின்றன. அரபு நாடுகளில் பேரீச்சை மரத்திலேயே கனிந்து உலர்வதற்கு நேரம் உண்டு. கட்ச் பகுதியிலோ தென்மேற்குப் பருவமழை அதற்கு இடந்தருவதில்லை. மழை நீர் பட்டால் கனிந்த பழம் அழுகிவிடும். எனவே, பழம் நிறம் மாறி, மொறுமொறுப்பாக இருக்கும் பருவத்திலேயே அதனைப் பறித்துவிடுகின்றனர். ‘காரெக்’ என்று அங்கு வழங்கப்படும் இந்தப் பழத்திற்கு 2024-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

நம் நாட்டின் பேரீச்சைச் சாகுபடியில் பெரும்பகுதி கட்ச் மாவட்டத்திலேயே அமைந்துள்ளது. இராஜஸ்தானின் பிகானேர், ஜெய்சால்மர், பார்மர் மாவட்டங்களிலும் திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு புதிய தோப்புகள் உருவாகியுள்ளன. பேரீச்சையைப் பெருமளவில் இறக்குமதி செய்யும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆகவே, இத்தோப்புகளின் பெருக்கம் வறண்ட நிலத்து விவசாயிக்கு வருவாயையும் நாட்டிற்கு அந்நியச் செலாவணிச் சேமிப்பையும் ஒருங்கே தரவல்லது.

இந்த முயற்சிக்குப் பெருந்தடையாக நிற்பவை பூச்சிகள். நெல்லிலோ பருத்தியிலோ பூச்சி விழுந்தால் ஒரு பருவத்தின் விளைச்சல் போகும். அடுத்த பருவத்தில் இழப்பை ஓரளவு ஈடுசெய்துகொள்ளலாம். பேரீச்சையின் நிலை வேறு. கன்று நட்டு நான்கைந்து ஆண்டுகள் கழித்தே அது காய்க்கத் தொடங்குகிறது. பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேலும் பலன் தருகிறது. பத்து வயதுடைய மரம் ஒன்று பூச்சியால் சாய்ந்தால், இழந்தது அந்த ஆண்டின் குலைகள் மட்டுமல்ல. கடந்த பத்தாண்டு உழைப்பும் வரவிருந்த பல பத்தாண்டு வருவாயும் சேர்ந்தே மண்ணில் விழுகின்றன.

சிவப்புக் கூன்வண்டு

பேரீச்சையின் பகைவர்களுள் முதலிடம் பெறுவது சிவப்புக் கூன்வண்டு. தென்னை வளர்ப்போருக்கு இது புதிய பூச்சியன்று. தென் ஆசியாவும் தென்கிழக்கு ஆசியாவுமே இதன் தாயகம். 1906-ஆம் ஆண்டிலேயே பூச்சியியல் அறிஞர் லெஃப்ராய், இந்தியாவில் தென்னையைத் தாக்கும் பூச்சியாக இதனைக் குறிப்பிட்டார். அக்காலத்தில் இது தென்னந்தோப்புகளின் தொல்லையாகவே பெரிதும் கருதப்பட்டது.

1980-களின் நடுவில் இப்பூச்சி பாரசீக வளைகுடா நாடுகளின் பேரீச்சைத் தோப்புகளில் தோன்றியது. 1990-களின் தொடக்கத்தில் எகிப்தையும், அதே பத்தாண்டின் நடுப்பகுதியில் ஸ்பெயினையும் எட்டியது. பிறகு மத்தியதரைக் கடற்கரை நாடுகள் பலவற்றில் பரவிற்று. இவ்வளவு தொலைவையும் அது தன் சிறகுகளால் கடக்கவில்லை. நடுவதற்கும் அழகுக்கும் என்று நாடு விட்டு நாடு கொண்டுசெல்லப்பட்ட கன்றுகளும் மரங்களுமே அதற்கு ஊர்தியாயின. 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதம் உணவு, வேளாண்மை நிறுவனம் இப்பூச்சியைப் பற்றி ஆராய்வதற்கென்றே ரோம் நகரில் பன்னாட்டுக் கூட்டமொன்றைக் கூட்டியது. இதிலிருந்தே இச்சிக்கலின் அளவு விளங்கும்.

முதிர்ந்த வண்டு ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் நீளமிருக்கும். செம்பழுப்பு நிறமும், முன்முதுகில் கரும்புள்ளிகளும், முன்னோக்கி வளைந்து நீண்ட மூக்கும் இதன் அடையாளங்கள். பெண் வண்டு மரத்தின் காயங்களிலும் மென்மையான திசுக்களிலும் மூக்கால் துளையிட்டு, சராசரியாக 200 முதல் 300 முட்டைகள் வரை இடுகிறது. மூன்று நான்கு நாட்களில் முட்டைகள் பொரிக்கின்றன. வெளிவரும் கால்களற்ற வெண்மஞ்சள் புழுக்கள் தண்டின் உட்புறத்தைக் குடைந்து தின்றவாறு ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை வளர்கின்றன. முழு வளர்ச்சியடைந்த புழு ஐந்து சென்டிமீட்டர் வரை நீளும். பின்னர் அது மரநாரையே சுற்றிச் சுற்றிக் கூடு கட்டி, அதனுள் இரண்டு மூன்று வாரங்கள் உறங்கி, வண்டாக வெளிப்படுகிறது.

அவ்வாறு வெளிப்படும் வண்டு உடனே பறந்து சென்றுவிடுவதில்லை. உணவு எஞ்சியிருக்கும்வரை அதே மரத்திலேயே இணைசேர்ந்து முட்டையிடுகிறது. எனவே, ஒரே மரத்திற்குள் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு ஆகிய நான்கு பருவங்களும் ஒருங்கே இருப்பதுண்டு. மரம் சாயும்போதுதான் வண்டுகள் கூட்டமாக வெளியேறி அடுத்த மரங்களை நாடுகின்றன.

நோய் வெளியில் தெரியாதது ஏன்?

இப்பூச்சியின் கொடுமை அது தின்னும் அளவில் மட்டும் இல்லை. மறைந்து தின்பதில்தான் இருக்கிறது. இதற்குப் பேரீச்சையின் உடலமைப்பே காரணம். மா, வேம்பு போன்ற மரங்களில் நீரும் உணவும் செல்லும் குழாய்கள் பட்டையை ஒட்டி வளையமாக அமைந்துள்ளன. பேரீச்சை, தென்னை, பனை ஆகியவற்றில் அக்குழாய்க் கற்றைகள் தண்டு முழுவதிலும் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே, தண்டின் ஒரு பகுதி குடையப்பட்டாலும் எஞ்சிய கற்றைகள் வழியே நீர் மேலேறிக்கொண்டிருக்கும். மட்டைகள் பசுமையாகவே நிற்கும். மட்டை வாடத் தொடங்கும் நேரத்தில் உட்புறம் வெறும் நார்க்குழியாக மாறியிருக்கும்.

இவ்வமைப்பில் நன்மை ஒன்றும் உண்டு. உச்சியிலுள்ள குருத்து கெடாதவரை, தண்டில் கணிசமான சேதம் ஏற்பட்ட பின்னரும் மரத்தைப் பிழைக்கவைக்க முடியும். தீமையும் ஒன்று உண்டு. இம்மரங்களின் தண்டில் ஏற்படும் காயம் பிற மரங்களில் போன்று புதுப்பட்டை வளர்ந்து மூடுவதில்லை. ஆண்டுகள் பல சென்றாலும் காயம் காயமாகவே இருக்கும். சிகிச்சையின்போது இவ்விரண்டையும் மனத்திற்கொள்ளுதல் வேண்டும்.

அடையாளம் காணுதல்

தென்னையில் கூன்வண்டின் தாக்குதல் உச்சிப் பகுதியிலும் பல நேரங்களில் நிகழும். பேரீச்சையிலோ பெரும்பாலும் தண்டின் அடிப்பகுதியில், தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்திற்குள், பக்கக்கன்றுகள் தோன்றும் இடங்களை ஒட்டியே நிகழ்கிறது. இருபது வயதுக்குட்பட்ட மரங்களே மிகுதியாகத் தாக்கப்படுகின்றன. எனவே, ஏணியின்றி, நின்ற இடத்திலிருந்தே ஆய்வு செய்ய விவசாயியால் இயலும். இது பெரிய வசதியாகும்.

ஆய்வின்போது கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

தண்டிலிருந்து பழுப்பு நிறப் பிசுபிசுப்பான நீர் வடிதல். அதனருகே புளித்த கள்ளின் நாற்றம் வீசுதல்.

துளைகளின் வாயில் மென்று துப்பிய ஈரநார் தள்ளப்பட்டிருத்தல்.

தாய்மரம் பசுமையாக இருக்க, அடியிலுள்ள பக்கக்கன்று மட்டும் வாடி, இழுத்தால் கையோடு வருதல்.

மட்டைகளின் அடியில் நாராலான வெற்றுக் கூடுகள் காணப்படுதல்.

தண்டில் காதை வைத்துக் கேட்கும்போது உள்ளே ‘கரகர’ என்னும் ஒலி எழுதல்.

முதல் இரு அறிகுறிகள் தொடக்க நிலையிலேயே தென்படுபவை. கூடுகள் காணப்பட்டால் ஒரு தலைமுறை வண்டு ஏற்கெனவே வெளிவந்துவிட்டது என்று பொருள். முட்டை வண்டாவதற்கு மூன்று நான்கு மாதங்கள் பிடிப்பதால், ஒன்றரை மாதத்திற்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு மரத்தையும் சுற்றிப் பார்த்தால், எந்தத் தலைமுறையும் முழுமையடையுமுன் அதனைக் கண்டுவிடலாம். ஐயத்திற்கிடமான மரத்தில் சுண்ணாம்பால் குறியிட்டு, நாளையும் எழுதி வைப்பது நல்லது.

மரத்திற்குச் சிகிச்சை

தொடக்க நிலையில் கண்ட மரத்தைக் காப்பாற்றலாம். முதலில், நீர் வடியும் இடத்தைச் சுற்றியுள்ள நாரையும் காய்ந்த மட்டையடிகளையும் உளியால் நீக்கித் தூய்மை செய்தல் வேண்டும். அழுகிய பகுதியைச் சுரண்டி எடுத்து, கையில் அகப்படும் புழுக்களையும் கூடுகளையும் பொறுக்கி அழித்தல் வேண்டும். நலமாக உள்ள திசுவை வெட்டலாகாது.

அடுத்து, தாக்கப்பட்ட இடத்திற்குச் சற்று மேலே, தண்டைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் துளைக்கருவியால் கீழ்நோக்கிச் சாய்வாக 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்திற்குத் துளையிட வேண்டும். அவற்றில் ஊடுருவிப் பரவும் தன்மையுள்ள பூச்சிமருந்துக் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். திசு உறிஞ்சிக்கொண்ட பின்னர் மீண்டும் ஊற்றலாம். இறுதியாகத் துளைகளையும், சுரண்டிய குழியையும் களிமண்ணாலோ சிமெண்டுக் கலவையாலோ மூடிவிடுதல் வேண்டும். மூடாத துளை அடுத்த வண்டுக்கு வாயிலாக அமையும்.

தென்னையில் இச்சிகிச்சைக்கு 17.8 சதவீத இமிடாகுளோப்ரிட் மருந்தை ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மில்லி லிட்டர் வீதம் கலந்து பயன்படுத்துமாறு மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. பேரீச்சைக்கு எம்மருந்து, எவ்வளவு என்பதை அந்தந்த மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திடம் கேட்டறிந்து செயல்படுதலே முறை. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி மருந்துகள் பயிர்வாரியாகப் பதிவு செய்யப்படுகின்றன. முன்னர் பரிந்துரைக்கப்பட்டவை அனைத்தும் இன்று பயன்பாட்டில் இல்லை. எண்டோசல்ஃபானுக்கு 2011-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தென்னையில் கூன்வண்டுக்கு நெடுங்காலம் பயன்பட்ட கார்பரில் 2018-ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. பழைய கையேட்டைப் பார்த்து மருந்து வாங்குவது தவறு.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் துளையில் இட்டு அடைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அம்மாத்திரையிலிருந்து எழும் வாயு மனிதருக்கும் கால்நடைகளுக்கும் உயிர்க்கொல்லியாகும். நம் நாட்டில் இதனை அரசு அமைப்புகளும் தகுதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்களும் மட்டுமே கையாளலாம் என்பது விதி. விவசாயி இதனைத் தம் கையால் தொடுதல் கூடாது.

சிகிச்சை அளித்த இரண்டு மூன்று வாரங்களில் மரத்தை மீண்டும் பார்த்தல் வேண்டும். நீர் வடிதல் நின்று, காயம் உலர்ந்திருந்தால் சிகிச்சை பலித்தது எனலாம். புதிய ஈரநார் வெளிப்பட்டால் மீண்டும் ஒரு முறை மருந்திடலாம். ஆயின், காயம் ஆறாத தண்டில் திரும்பத் திரும்பத் துளையிடுவது மரத்திற்கு நன்மையன்று. நோயில்லாத மரங்களிலும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஆண்டுதோறும் துளையிடுவோர் தாமே காயங்களைப் பெருக்கிக்கொள்கின்றனர்.

மருந்தும் பழமும்

இங்கு விழிப்புடன் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பாளை வெடித்து மகரந்தச் சேர்க்கை நடைபெறுகிறது. ஜூன், ஜூலையில் அறுவடை முடிகிறது. தண்டில் செலுத்திய மருந்து நீரோடு சேர்ந்து மேலேறி மட்டைக்குச் செல்வதுபோலக் குலைக்கும் செல்லக்கூடும். காரெக் பழமோ உலர்த்திப் பதப்படுத்தாமல், பறித்த சில நாட்களிலேயே அப்படியே உண்ணப்படுவது. குழந்தைகள் விரும்பித் தின்பது.

ஆகவே, மருந்திடுவதற்கு ஏற்ற காலம் அறுவடைக்குப் பின்னரேயாகும். குலை நிற்கும் காலத்தில் நோய் கண்டால், விவசாயியின் முன் இரு வழிகளே உள்ளன. நோய் மிகத் தொடக்க நிலையில் இருப்பின், சுரண்டித் தூய்மை செய்து, புழுக்களைக் கையால் அகற்றி, அறுவடை வரை நாள்தோறும் கண்காணித்து, பின்னர் மருந்திடலாம். நோய் முற்றியிருந்து உடனே மருந்திட நேர்ந்தால், அம்மரத்தின் குலைகளை வெட்டிப் புதைத்துவிடுதல் வேண்டும். ஓராண்டுக் குலையை இழப்பது கடினமே. எனினும், நஞ்சு கலந்த பழம் சந்தைக்குச் சென்றதென்ற செய்தி பரவுமாயின், கெடுவது ஒருவரின் குலை மட்டுமன்று. கட்ச் மாவட்டத்துக் காரெக் முழுவதன் நற்பெயருமாகும்.

வெட்டி வீழ்த்தும் முடிவு

குருத்து சாய்ந்துவிட்ட மரத்தையும், தண்டின் பெரும்பகுதி குழியாகிவிட்ட மரத்தையும் எந்த மருந்தும் காக்காது. இவற்றை வெட்டுதலே தக்கது. இம்முடிவைத் தள்ளிப்போடுவதால்தான் தோப்புகள் அழிகின்றன. தந்தையோ பாட்டனோ நட்ட மரத்தை வெட்ட மனம் வராமை இயல்பே. ‘இன்னும் ஒரு குலையாவது காய்க்கட்டுமே’ என்று காத்திருப்பவர், அந்த ஒரு குலைக்காகப் பல நூறு வண்டுகளைத் தம் தோப்பிற்குள் வளர்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை உணர்தல் வேண்டும்.

வெட்டிய பின்னர் செய்வது வெட்டுவதைவிட முக்கியமானது. வீழ்த்திய தண்டை வரப்பில் கிடத்திவிட்டால், உள்ளிருக்கும் புழுக்கள் தொடர்ந்து தின்று வளர்ந்து வண்டாகிவிடும். தண்டில் ஈரம் மிகுந்திருப்பதால் மேலாகத் தீயிட்டாலும் உட்பகுதி வேகுவதில்லை. எனவே, தண்டைச் சிறு துண்டுகளாக்கிப் பிளந்து, வெயிலில் காட்டிப் புழுக்களை அழித்து, பின்னர் எரித்தலோ ஆழக் குழிவெட்டிப் புதைத்தலோ வேண்டும். அடிக்கட்டையையும் வேரோடு பெயர்த்தெடுத்தல் அவசியம். இப்பணியை வெட்டிய அன்றே முடித்துவிடுதல் நலம்.

பொறி வைத்துப் பிடித்தல்

ஆண் கூன்வண்டு தன் இனத்தைக் கூட்டுவதற்கு ஒருவகை மணப்பொருளை வெளியிடுகிறது. ஆண், பெண் இரண்டுமே அம்மணத்தை நாடி வரும். 1993-ஆம் ஆண்டில் அறிஞர்கள் இப்பொருளின் வேதி அமைப்பைக் கண்டறிந்து, ‘ஃபெருஜினியால்’ எனப் பெயரிட்டனர். இதனைச் செயற்கையாகத் தயாரித்துச் சிறு உறைகளில் அடைத்து விற்கின்றனர்.

மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியொன்றின் மேற்பகுதியில் நான்கு துளைகள் செய்து, வண்டு பற்றி ஏறுவதற்காக வெளிப்புறத்தில் சாக்குத் துணியைச் சுற்ற வேண்டும். மூடியின் உட்புறத்தில் மண உறையைத் தொங்கவிட வேண்டும். வாளிக்குள் நீரும், அதில் கழிவுப் பேரீச்சம்பழமோ கரும்புத் துண்டுகளோ இட வேண்டும். பழம் புளித்து எழும் மணம் உறையின் கவர்ச்சியைப் பன்மடங்காக்கும். நீரில் சிறிது சோப்புத்தூளைக் கலந்தால் விழுந்த வண்டு மிதந்து தப்பாது. பழத்தையும் நீரையும் பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை மாற்றுதல் வேண்டும். நீர் வற்றிப்போன பொறி, வண்டைத் தோப்பிற்குள் அழைத்துவிட்டுப் பிடிக்காமல் விட்டுவிடும். அதனால் நன்மையைவிடத் தீமையே மிகுதி.

பொறியைத் தோப்பின் ஓரத்தில் நிழலில் வைத்தல் நன்று. இளமரத்தின் தண்டில் கட்டலாகாது. பொறியில் விழுபவற்றுள் பெண் வண்டுகளே அதிகம். அவற்றுள்ளும் முட்டையிடும் பருவத்தில் இருப்பவை மிகுதி. ஒரு பெண் வண்டு பொறியில் விழுந்தால் இருநூறு புழுக்களைத் தடுத்தவராகிறோம். எனினும், மரத்திற்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவைப் பொறி எதுவும் செய்யாது. பொறியும் மரச் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று துணையேயன்றி, ஒன்றிற்கு மற்றொன்று மாற்று ஆகாது.

காண்டாமிருக வண்டு

கூன்வண்டுக்கு வழியமைத்துக் கொடுப்பது காண்டாமிருக வண்டு. கரிய நிறமும் தலையில் கொம்பும் உடைய இவ்வண்டு, குருத்துப் பகுதியையும் மட்டையடிகளையும் துளைத்துச் சாற்றை உறிஞ்சுகிறது. அதன் புழுக்கள் மரத்தில் வாழ்வதில்லை. எருக்குழியிலும் மக்கிய மரக்கட்டையிலுமே வளர்கின்றன. ஆகவே, இதன் சிகிச்சை மரத்தில் இல்லை, எருக்குழியில் இருக்கிறது.

எருவைக் கிளறி, வெண்ணிறப் புழுக்களைப் பொறுக்கி அழித்தல் வேண்டும். புழுக்களில் நோயுண்டாக்கும் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையைக் குழியில் கலந்துவிட்டால், அது புழுக்களைத் தாக்கி அழிக்கும். ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை ஐந்து லிட்டர் நீரில் ஊறவைத்து மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் வைத்தால், வண்டுகள் அம்மணத்தை நாடி வந்து விழும். தென்னந்தோப்புகளில் பயன்பட்டுவரும் இம்முறை, ஆமணக்கு விளைச்சலில் நாட்டிலேயே முதலிடம் வகிக்கும் குஜராத்தில் எளிதில் கைக்கொள்ளத் தக்கது.

செதிள் பூச்சியும் கறையானும்

இராஜஸ்தானின் வறண்ட தோப்புகளில் செதிள் பூச்சி தொல்லை தருகிறது. மட்டையின் இலைகளில் சாம்பல் நிறச் செதிள்கள் படிந்து, கையால் தேய்த்தால் உதிரும். இவை சாற்றை உறிஞ்சுவதால் இலை மஞ்சளாகிக் காய்கிறது. பழத்தின் மீதும் படிந்து அதன் விலையைக் குறைக்கிறது. மிகுதியாகத் தாக்கப்பட்ட அடிமட்டைகளை அறுவடைக்குப் பின் வெட்டி எரித்துவிடுவதே முதற்படி. எஞ்சியவற்றின் மீது வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

இப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகள் இயற்கையிலேயே உள்ளன. 1960-களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் மொரிட்டானியா நாட்டில் செதிள் பூச்சி பெருகியபோது, ஈரானிலிருந்து பொறிவண்டு இனமொன்றைக் கொண்டுவந்து விட்டு நல்ல பயன் கண்டனர். கண்மூடித்தனமாகக் கடும் நஞ்சைத் தெளிப்பவர், செதிள் பூச்சிக்கு முன்னதாக இந்த நண்பனையே கொன்றுவிடுகிறார்.

புதிதாக நட்ட கன்றுகளைக் கறையான் அரிப்பதும் உண்டு. மக்காத எருவைக் குழியில் இடாமையும், வேப்பம் பிண்ணாக்கு இடுதலும், நட்ட முதல் ஆண்டில் நீர்ப்பாசனம் தவறாமையும் கறையானை விலக்கும் எளிய வழிகளாம்.

வருமுன் காத்தல்

சிகிச்சையைவிடச் சிக்கனமானது தடுப்பு. கூன்வண்டு காயத்தின் மணத்தை நாடி வருவது. பக்கக்கன்றைப் பெயர்க்கும்போதும் மட்டையைக் கழிக்கும்போதும் தோன்றும் காயமே அதற்கு அழைப்பாகும். இவ்வேலைகளை வண்டின் நடமாட்டம் குறைந்த குளிர்காலத்தில் மேற்கொண்டு, வெட்டுவாயில் உடனே மருந்து பூசி, மண்ணாலோ தாராலோ மூடுதல் வேண்டும். பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டாமல், அடிக்கட்டையைச் சற்று நீளமாக விட்டுவிடுவதும் பயன்தரும்.

பாத்தி நிறைய நீர் தேங்கித் தண்டின் அடி எப்போதும் ஈரமாக இருக்கும் தோப்புகளில் தாக்குதல் மிகுதி என்பது ஆராய்ச்சியில் தெரியவந்துள்ளது. சொட்டுநீர்ப் பாசனம் நீரையும் மிச்சப்படுத்தும். தண்டையும் உலர்வாக வைத்திருக்கும். எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 156 மரங்கள் அமையும். காற்றும் வெளிச்சமும் புகும். ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வந்து பார்க்கவும் இடமிருக்கும்.

கன்று வாங்கும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. கண்ணுக்கு நலமாகத் தோன்றும் பக்கக்கன்றின் அடியில் முட்டையோ சிறு புழுவோ இருக்கக்கூடும். நோயுள்ள தோப்பிலிருந்து கன்று எடுத்தலும் விற்றலும் கூடாது. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த திசு வளர்ப்புக் கன்றுகள் இவ்வகையில் பாதுகாப்பானவை.

ஊர் கூடிச் செய்ய வேண்டிய பணி

கூன்வண்டு பல கிலோமீட்டர் தொலைவு பறக்கவல்லது. வேலியும் பட்டா எல்லையும் அதற்குத் தெரியா. பத்து விவசாயிகள் முறையாகச் சிகிச்சை செய்து, பதினோராவது தோப்பு கவனிப்பாரற்றுக் கிடந்தால், அந்த ஒரு தோப்பே மற்றப் பத்திற்கும் நோயை வழங்கிக்கொண்டிருக்கும். கட்ச் பகுதியின் பழைய தோப்புகள் பெரும்பாலும் விதையிலிருந்து வளர்ந்தவை. அவற்றில் ஏறத்தாழப் பாதி ஆண் மரங்களாக அமைவது இயல்பு. காய்க்காத மரமென்று எவரும் ஏறிட்டுப் பாராத ஆண் மரங்களும், உரிமையாளர் நகரத்திற்குக் குடியேறிவிட்ட தோப்புகளும் வண்டின் புகலிடங்களாகிவிடுகின்றன.

ஆதலின், இதனைத் தனி ஒருவரின் வேலையாகக் கருதாமல், கிராமத்தின் வேலையாக மேற்கொள்ளுதல் வேண்டும். ஒரே வாரத்தில் ஊரின் எல்லாத் தோப்புகளையும் சுற்றிப் பார்த்தல், பொறிகளைப் பொதுவாக வாங்கி வரிசையாக வைத்தல், வெட்டிய மரங்களைப் பிளந்து அழிக்கும் கருவியைக் கூட்டுறவு முறையில் வைத்துக்கொள்ளுதல், கவனிப்பாரற்ற மரங்களுக்குப் பஞ்சாயத்தே பொறுப்பேற்றல் ஆகியவற்றால் செலவும் குறையும், பலனும் நிலைக்கும். முந்த்ராவிலுள்ள பேரீச்சை ஆராய்ச்சி நிலையமும், 1993-ஆம் ஆண்டில் பிகானேரில் தொடங்கப்பட்டு இன்று மத்திய வறண்ட நிலத் தோட்டக்கலை நிறுவனமாக விளங்கும் அமைப்பும் வேண்டிய தொழில்நுட்ப உதவியை நல்கவல்லவை.

இப்பூச்சியை ஒழிக்கவே முடியாதோ என்னும் ஐயத்திற்கு ஒரு விடை உண்டு. ஸ்பெயின் நாட்டிற்குரிய கேனரித் தீவுகளில் 2005-ஆம் ஆண்டில் கூன்வண்டு கண்டறியப்பட்டது. தீவுகளின் அரசும் மக்களும் இணைந்து மரந்தோறும் ஆய்வு செய்தனர், பொறிகள் வைத்தனர், நோயுற்ற மரங்களைத் தயங்காது அகற்றினர், கன்றுகளின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தினர். 2016-ஆம் ஆண்டில் அங்கு அப்பூச்சி முற்றிலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அவர்கள் கையாண்டவற்றுள் நம் விவசாயிகளால் இயலாதது எதுவும் இல்லை. நம் நாடு அவ்வண்டின் தாயகமாதலால் முற்றாக ஒழித்தல் இங்கு அரிது. ஆயினும், அடக்கி வைத்தல் உறுதியாக இயலும்.

வறண்ட நிலத்தில், உவர்நீரையும் தாங்கி, வேறு மரங்கள் வாடிப்போகும் வெப்பத்தில் பழம் தருவது பேரீச்சை. அதன் தண்டிலிருந்து வடியும் ஒரு சொட்டுப் பழுப்பு நீரைக் காலத்தில் கண்டுகொள்பவர் அம்மரத்தைக் காத்தவராவார். அன்றே செயலில் இறங்குபவர் தம் அண்டை வீட்டாரின் தோப்பையும் காத்தவராவார்.